ஆயிரத்து எழுநூறு மீட்டருக்கு மட்டும் அனுமதி

எல்லையோர மாணவர் விளையாட்டு மேம்பாட்டுக் குழு தருகிற தகுதி அட்டைக்கான படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள் இருக்கின்றன. பதினான்காவது கேள்வி, ‘பயிற்சி பெறும் இடம்’. ஓசூர் வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் அதில் ‘பள்ளி மைதானம்’ என்று எழுதிவிடுவார்கள். மைதானம் உள்ள பள்ளிப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுவார்கள், இல்லாத பள்ளிப் பிள்ளைகளும் அப்படித்தான். குழுவும் அதைப் படிக்காது. இரண்டு தரப்பும் இப்படி ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் பல வருடம் மரியாதையாக இருந்தார்கள். சுமலதாதான் உட்கார்ந்து யோசித்து நிஜத்தை எழுதினாள்.

அவளுக்குப் பதினாறு வயது, பதினோராம் வகுப்பு. ஊர் பாகலூருக்கு வடக்கே, கர்நாடக எல்லையை ஒட்டினாற்போல. அப்பா ஆஞ்சப்பன் பிரேக் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிறவள். பள்ளிக்கு மைதானம் இருந்தது. இருந்தது என்றால், பாதியில் புதுக் கட்டடத்துக்காகக் கொட்டின ஜல்லி ஆறு வருடமாகக் கட்டடத்தை எதிர்பார்த்துக் கிடந்தது. மீதிப் பாதியில் ஆசிரியர்களின் வண்டிகள் நின்றன. விளையாட்டு வகுப்பு வந்தால் கணக்கு வாத்தியார் உள்ளே வருவார்.

ஆகவே அவள் காலை ஐந்தரைக்குக் கிளம்பி, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஏரிக்கரை வரை ஓடி, திரும்பி ஓடி வருவாள். செங்கல் சூளை நாய் ஒன்று முதல் அரைக் கிலோமீட்டருக்குப் பின்னாலேயே வந்து வேகம் ஏற்றிக் கொடுக்கும். பூப்பண்ணைக்குப் போகிற பெண்கள், எந்த பஸ்ஸை விட்டுட்ட கண்ணு என்று தினமும் அதே கேள்வியைக் கேட்டு, தினமும் அதே சிரிப்பைச் சிரிப்பார்கள். பால் வண்டிக்காரர் ஒருநாள் மேட்டில் அவளோடு பந்தயம் கட்டித் தோற்று, மறுநாளிலிருந்து வேறு வழியாகப் பால் எடுக்கப் போனார்.

மாவட்டப் போட்டியில் மூவாயிரம் மீட்டரில் அவள்தான் முதல். இரண்டாவதாக வந்த பெண் அரைச் சுற்று பின்னால் வந்துகொண்டிருந்தாள். அடுத்தது திருச்சியில் மாநிலப் போட்டி. பதினேழு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அவளுக்கு இது கடைசி வருடம். இதை விட்டால் அடுத்த பிரிவில் கல்லூரி அக்காக்களோடு போய் நிற்க வேண்டும். திருச்சிக்குப் போகக் காலும் ஷூவும் போதாது, தகுதி அட்டை வேண்டும். அட்டை குழுவிடம் இருந்தது.

குழுவில் பதினொரு பேர். ஒருவரும் எந்த விளையாட்டும் ஆடினவர் இல்லை. ஆடினவர்களைச் சேர்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று விதியிலேயே போட்டு வைத்திருந்தார்கள். செயலாளர் வெங்கடப்பன். ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவரைப் பெறவில்லை. எந்தக் காகிதத்தையும் கையில் வாங்கினதும் முதலில் எடை பார்ப்பவர் போலத் தூக்கிப் பார்ப்பார், பிறகு கத்தரிக்காயில் தேடுவது போல ஓரத்தில் சொத்தை தேடுவார். சுமலதாவின் கெட்ட நேரம், அன்றைக்குப் பார்த்து அவருக்குப் புதுக் கண்ணாடி வந்திருந்தது. பதினான்காவது கேள்வியின் பதிலைப் படித்துவிட்டார்.

பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை ருக்மணி பக்கத்தில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அவர் அந்த வாரம், படிவங்களைப் பிழையின்றி நிரப்புவது எப்படி என்ற இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தார்.

கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆஞ்சப்பன் ஒரு ஷிப்டு விட்டுவிட்டு மகளோடும் டீச்சரோடும் போனார்.

“ஏரிக்கரைன்னு எழுதிக்கீறியே, அது யார் ஏரிம்மா?” என்றார் வெங்கடப்பன்.

அவள் யோசித்து, ஊர்ப் பொது ஏரிங்க சார் என்றாள். எந்த மாநிலம் என்று கேட்டேன் என்றார். வீட்டிலிருந்து ஒண்ணேகால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தமிழ்நாடு, அப்புறம் எல்லைக்கல், அதற்கப்புறம் கர்நாடகம் என்று ஆஞ்சப்பன் விளக்கினார். தன் கொழுந்தியாளைக் கொடுத்திருப்பது அந்தப் பக்கம்தான், கல்யாணம் காரியம் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது, எங்கள் மாடே தினமும் அந்தப் பக்கம் போய்த்தான் மேய்கிறது என்று சேர்த்துச் சொன்னார்.

“மாடு எங்கிட்ட தகுதி அட்டை கேக்கலியே.”

வெங்கடப்பன் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். போக வர ஆறு கிலோமீட்டர். அதில் நம் மாநிலத்தில் ஓடுவது இரண்டு புள்ளி நான்கு. பாக்கி மூன்று புள்ளி ஆறு அந்த மாநிலத்தில்.

“இந்தப் பொண்ணு காலுல இருக்கிற பலத்துல நூத்துக்கு அறுபது பங்கு அவங்களுது. அத எடுத்துனு போயி நம்ம மாவட்டத்துப் பேருல ஓட வுட்டா, நாளைக்கு அவங்க கேக்க மாட்டாங்களா? கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?”

அவரை அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்பதற்கான ஏற்பாட்டிலேயே அவருக்கு நாற்பது வருடம் போயிருந்தது. அந்த மாநிலத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி வந்தால் உடனே அட்டை என்றார்.

அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர் முனிராஜ், உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். ஆஞ்சப்பன் கன்னடத்தில் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஏரிக்கரையில் ஓடுவதற்கு இந்தப் பெண் முன்னனுமதி வாங்கினாளா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் எங்கள் பதிவேட்டின்படி அவள் ஓடவில்லை. நடக்காத ஒன்றுக்கு நான் எப்படி ஆட்சேபிக்க முடியும், ஆட்சேபணை இல்லை என்றுதான் எப்படி எழுத முடியும் என்று வருத்தத்தோடு கேட்டார். இவர்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனம் இரங்கி, தன்னால் முடிந்ததை எழுதிக் கொடுத்தார். இன்னார் மகள் இன்னாள் எங்கள் எல்லைக்குள் எப்போதும் ஓடியதில்லை. கீழே வட்ட முத்திரை.

காலையில் ஏரிக்கரையில் இவளைப் பார்த்துக் கையாட்டுகிற மனிதரும் அவர்தான்.

ஆஞ்சப்பன் வேலை முடிந்தது என்று நினைத்தார். வெங்கடப்பன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். முகம் இன்னும் இருண்டது. அவர் சொன்னது இது: கர்நாடகத்தில் ஓடவில்லை என்றால், படிவத்தில் சொன்ன பயிற்சியில் அறுபது விழுக்காடு நடக்கவே இல்லை. நாற்பது விழுக்காடு மட்டும் பயிற்சி பெற்ற மாணவியை மாநிலப் போட்டிக்கு அனுப்புவது குழுவுக்கு அவமானம். ருக்மணி டீச்சர் பொறுக்க முடியாமல், மாவட்டத்தில் முதலில் வந்த பிள்ளை சார் என்றார். பயிற்சி இல்லாமல் முதலில் வந்தது எப்படி என்பதைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று வெங்கடப்பன் ஒரு வரி குறித்துக்கொண்டார்.

திருச்சிக்கு ஒன்பது நாள் இருந்தது. சுமலதா வீட்டில் அழவில்லை. காலையில் ஓடும்போது மட்டும், எல்லைக்கல் வந்ததும் ஒரு விநாடி தயங்கினாள். இதுவரை அதை அவள் ஒரு கல்லாகக்கூடப் பார்த்ததில்லை. இப்போது அதைத் தாண்டும்போதெல்லாம், எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறோமோ என்று தோன்றியது.

நேரில் பார்த்து முடிவு செய்வோம் என்று குழு தீர்மானித்தது. இரண்டு நாள் கழித்து ஒரு ஜீப்பும் இரண்டு காரும் எல்லைக்கல்லுக்கு வந்தன. கல்லுக்குப் பின்னால் ‘கள ஆய்வு விழா’ என்று பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் பதினொரு பேர் படமும் இருந்தது, ஓடுகிற ஒரு பெண் படமும் இருந்தது. அது வேறு ஏதோ நாட்டுப் பெண். குத்துவிளக்கு ஏற்ற வந்தபோது காற்று விடவில்லை. ஜீப்பை நிறுத்தி மறைப்புக் கொடுத்து ஏற்றினார்கள். தலைவருக்குச் செயலாளர் சால்வை போட்டார். தலைவர் அதைக் கழற்றிச் செயலாளருக்குப் போட்டார். அதே சால்வை பதினொரு தோளும் ஏறி இறங்கி, கடைசியில் தான் வந்த துணிப்பைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. ஐந்தரை மணிக்கு வந்து நின்ற சுமலதாவை எட்டே முக்கால் வரை யாரும் ஓடச் சொல்லவில்லை. வெயில் ஏறியது. தலைவர் பேசினார்.

“என்னைப் பாருங்க. நான் வாழ்க்கையில ஒரு நாளும் ஓடினது கிடையாது. பஸ்ஸுக்குக்கூட ஓடினது கிடையாது. ஓடாமலே இந்த இடத்துக்கு வந்திருக்கேன். விளையாட்டுல முக்கியம் ஒழுங்கு. ஓடறவங்க முன்னாடி போயிடறாங்க, அவங்கள பின்னாடி இருந்து ஒழுங்குபடுத்த ஆள் வேணும். அந்தத் தியாகத்தத்தான் இந்தக் குழு பண்ணிக்கினு இருக்கு.”

கைத்தட்டல் முடிந்து, அவளை வீட்டு வாசலுக்குத் திருப்பி அனுப்பி, அங்கிருந்து ஓடச் சொன்னார்கள். ஜீப் கூடவே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. கல் வந்ததும் ஜீப் நின்றுவிட்டது. மாநிலம் தாண்டுவதற்கு அந்த ஜீப்புக்குப் பயண ஒப்புதல் இல்லை. சுமலதா தாண்டிப் போனாள், ஏரிக்கரையைத் தொட்டாள், திரும்பினாள். அவள் வரும் வரை குழு டீ குடித்தது. டீக்கடை கல்லுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு அடி தள்ளி இருந்தது. ஜீப்புக்குத்தான் ஒப்புதல் வேண்டும், வாய்க்கு வேண்டாம் போலிருக்கிறது. ஆய்வு அறிக்கையில் வெங்கடப்பன் எழுதியது: மாணவி எல்லையைக் கடந்து சென்றார். அதன்பின் அவர் என்ன செய்தார் என்பதைக் குழு அறியாது. சிறிது நேரத்தில் வியர்வையுடன் திரும்பினார்.

அறிக்கையின் முடிவில் ஒரு சமரசம் இருந்தது. குழு மாணவர்களுக்கு எதிரானது அல்ல. நம் மண்ணில் பெற்ற பயிற்சி நாற்பது விழுக்காடு. ஆகவே மூவாயிரம் மீட்டர் போட்டியில் ஆயிரத்து இருநூறு மீட்டர் மட்டும் ஓட இவருக்குத் தகுதி உண்டு. அது வரை ஓடிவிட்டு ஓரமாக வந்து நிற்க வேண்டும்.

டீச்சர் அதை மூன்று தடவை படித்தார். கடைசியில், சார், பாதியில நின்னா அது போட்டியே இல்லியே என்றார். அது போட்டி நடத்துபவர்கள் பிரச்சினை என்றார் வெங்கடப்பன்.

அப்போதுதான் ஆஞ்சப்பன் மகளோடு பக்கத்து வீட்டுக் கங்கப்பனையும் கூட்டிக்கொண்டு போனார். கங்கப்பன் மாட்டுச் சந்தையில் தரகர். நியாயம் பேசிப் பார்த்தாகிவிட்டது, இனிப் பேரம்தான் என்பது ஆஞ்சப்பனின் யோசனை. கங்கப்பன் அறிக்கையைப் படிக்கவில்லை, அவருக்குப் படிப்பு வராது. வெங்கடப்பனை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். அப்பா பேரைக் கேட்டார். சொன்னதும், நம்ம தரகர் மகனா என்று உருகிப்போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, தன் வலது கையின் மேல் போட்டு நீட்டினார்.

சந்தையில் மாட்டு விலை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். விலை பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. வெங்கடப்பன் நாற்பது வருடம் கோப்போடு இருந்தவர்தான். இருந்தாலும் துண்டைக் கண்டதும் அவர் கை அவரைக் கேட்காமல் உள்ளே போய்விட்டது.

ஒரு விரலுக்கு நூறு மீட்டர். கங்கப்பன் முழு மூவாயிரத்தையும் கேட்டார் போலிருக்கிறது, வெங்கடப்பன் தலையை வேகமாக ஆட்டினார். ஒரு விரல் மடிந்தது, இரண்டு விரல் அமுங்கியது. கங்கப்பன் கையை உருவிக்கொண்டு வாசல் வரை போனார். கூப்பிடவில்லை என்று தெரிந்ததும் செருப்பை மாட்டுவது போலக் குனிந்து நின்றார். வெங்கடப்பன் தொண்டையைக் கனைத்தார். கங்கப்பன் திரும்பி வந்தார். மறுபடி துண்டு. பொண்ணு வயசப் பாரு, பல்லப் பாரு, சுழி சுத்தம் என்று கங்கப்பன் பழக்கதோஷத்தில் வாய்விட்டுச் சொல்ல, சுமலதா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் துண்டு விலகியது.

“பதினேழு,” என்றார் கங்கப்பன். “இதுக்கு மேல மாடு நகராது.”

மறு அளவையின்படி ஆயிரத்து எழுநூறு என்று திருத்தி, அட்டையில் சிவப்பு மையில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் வெங்கடப்பன். இன்னும் ஆயிரத்து முந்நூறு போச்சே அண்ணா என்று ஆஞ்சப்பன் வெளியே வந்து புலம்பினார். கங்கப்பன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “மொதல்ல பாப்பா கோட்டுல போயி நிக்கட்டும்பா. உள்ள வுட்டுட்டானில்ல. ஓட ஆரமிச்ச மாட்ட எவன் பாதியில புடிச்சான்?”

பிடிக்கத்தான் வெங்கடப்பன் திருச்சிக்கு வந்தார். அணி மேலாளர் என்று அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் கோப்பும் இன்னொரு கையில் சிவப்புக் கொடியுமாக மைதானத்துக்குள் நின்றார். ஆயிரத்து எழுநூறு மீட்டர் எங்கே முடிகிறது என்று முந்தின நாளே டேப் வைத்து அளந்திருந்தார். மூவாயிரம் மீட்டருக்கு ஏழரைச் சுற்று. வளைவு முடிந்து முன்பக்க நேர்ப்பாதை தொடங்கப் போகிற இடத்தில், புல்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

துப்பாக்கி வெடித்தது. பதினான்கு பெண்கள். சுமலதா முதல் இரண்டு சுற்றும் நாலாவதாக ஓடினாள். மூன்றாவதில் இரண்டாவதாக வந்தாள். கோவைப் பெண் ஒருத்தி முன்னால் இருந்தாள். ஓட்டத்துக்கு நடுவே சுமலதாவின் மனசில் கோட்டுக் கணக்குதான் ஓடியது. ஆயிரத்து நானூறு. ஆயிரத்து அறுநூறு. நின்றுவிடலாம் என்றுதான் டீச்சரிடம் சொல்லியிருந்தாள், வேறு வழி இல்லை என்று டீச்சரும் சொல்லியிருந்தார். சுண்ணாம்புக் கோடு தெரிந்தது. கொடி உயர்ந்தது. கோவைப் பெண்ணின் மூச்சு இழுப்பதும் அதே நேரத்தில் அவளுக்குக் கேட்டது. அந்தப் பெண் களைத்துவிட்டாள்.

நிற்க வேண்டிய கால் நிற்கவில்லை. அவள் கோவைப் பெண்ணைத் தாண்டினாள், கோட்டையும் தாண்டினாள்.

வெங்கடப்பன் திகைத்தார். பிறகு ஓடினார். தன் அறுபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஓடினார். புல் பக்கமாக அவளுக்குச் சரியாக, கொடியை ஆட்டிக்கொண்டு, கோப்பிலிருந்து காகிதம் ஒவ்வொன்றாகப் பறக்க, “நில்லும்மா, உன் அனுமதி முடிஞ்சுது, நில்லு,” என்று கத்திக்கொண்டே நூறு மீட்டர் ஓடினார். பார்வையாளர் கூட்டத்துக்கு அது கேட்கவில்லை. ஒரு கிழவர் தன் பிள்ளைக்காக உயிரை விட்டு ஓடுகிறார் என்றுதான் தெரிந்தது. மாடம் முழுக்க எழுந்து நின்று கைத்தட்டியது. நடுவர்கள்கூடத் தடுக்கவில்லை. அடுத்த சுற்றில் அவள் வந்தபோது அவருக்குக் குரல் போய்விட்டது, கொடியை மட்டும் ஆட்டினார். அதற்கடுத்த சுற்றில் உட்கார்ந்தபடி ஆட்டினார். கடைசிச் சுற்றில் படுத்தபடி.

சுமலதா பத்து நிமிடம் நாற்பத்தோரு விநாடியில் முதலாவதாக வந்தாள்.

மறுநாள் ஒரு பத்திரிகையில் படம் வந்தது. முன்னால் சுமலதா, பக்கத்தில் வாயைப் பிளந்தபடி கொடியோடு வெங்கடப்பன். ‘களத்தில் இறங்கிய பயிற்சியாளரின் உற்சாகக் குரல்’ என்று போட்டிருந்தார்கள்.

குழு கூடியது. இரண்டு தீர்மானங்கள் ஒரே நாளில், ஒரே மையில் எழுதப்பட்டன. ஒன்று, அனுமதியின்றி ஆயிரத்து முந்நூறு மீட்டர் ஓடியதற்காக மாணவியிடம் ஏழு நாளில் விளக்கம் கேட்பது. அது திருப்தி தராவிட்டால் தேசியப் போட்டிக்கு அட்டை கிடையாது. இரண்டு, மாநிலத் தங்கத்தை மாவட்டத்துக்குக் கொண்டுவந்த வெங்கடப்பனுக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது.

விருது விழா ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. விளக்கு, வரவேற்புரை, அதே சால்வை. வெங்கடப்பன் கைத்தடி ஊன்றிக்கொண்டு மேடை ஏறினார், திருச்சியில் முட்டி பிசகியிருந்தது. “அந்தப் பொண்ணு ஓடும்போது கடைசி வரைக்கும் நான் அவள விடல,” என்றார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. குருவுக்கு மாணவி சால்வை போடுவது முறை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமலதா மேடை ஏறி, கழுத்து மெடலை ஒதுக்கிக்கொண்டு சால்வையைப் போட்டாள். குனிந்து வாங்கியவர் மெல்லக் கேட்டார்.

“விளக்கக் கடிதம் இன்னும் வரலியேம்மா. திங்கக்கெழம கடைசி நாளு.”

அவள் கேலியாகக் கேட்கவில்லை. படிவத்தை நிரப்பின அதே யோசனையோடுதான் கேட்டாள்.

“எழுதிடறேன் சார். நீங்களும் என்கூட நூறு மீட்டர் ஓடினீங்களே, உங்க அட்டையில எத்தன மீட்டர் போட்டிருந்தது? அதப் பாத்து எழுதலாம்னுதான் காத்துனு இருக்கேன்.”

வெங்கடப்பனின் வாய் பத்திரிகைப் படத்தில் இருந்த அளவுக்குத் திறந்தது. அவர் நேர்மையானவர், தன் விதியைத் தானே மீறுகிறவர் அல்ல. அன்று சாயங்காலமே, போட்டிக் களத்தில் தகுதி அட்டை இல்லாமல் நூறு மீட்டர் ஓடியது குறித்து விளக்கம் கேட்டுச் செயலாளர் என்ற முறையில் தனக்கே கடிதம் எழுதினார். பெற்றுக்கொண்டேன் என்று தானே கையெழுத்திட்டார். முன்தேதியிட்டு அனுமதி வழங்குமாறு தனக்கே மனுவும் கொடுத்தார். ‘பயிற்சி பெறும் இடம்’ என்ற கேள்விக்கு மட்டும் அவரால் இன்னும் பதில் எழுத முடியவில்லை. அவர் எங்கும் ஓடிப் பழகினதில்லை.

ஒரே ஓட்டத்தில் நடந்த இரண்டு மீறல்கள் என்பதால் இரண்டையும் ஒரே கோப்பில் கட்டியாகிவிட்டது. செயலாளரின் நூறு மீட்டர் முடிவாகாமல் மாணவியின் ஆயிரத்து முந்நூறைத் தொட முடியாது. அது வரை மாணவி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம் என்று இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

சுமலதா வருகிற வெள்ளிக்கிழமை தேசியப் போட்டிக்குப் போகிறாள். கோப்பு வெங்கடப்பனின் பரிசீலனையில் இருக்கிறது.